ஈரம் காயும் முன் ஒரு தாமரைக் குளம்

தை மாதக் கடைசியில் ஒரு காலை, வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, பின்கட்டுச் சுவரில் நான் வரைந்திருந்த தாமரை இலையின் மேல் வைத்து அழுத்தித் துடைத்தேன். துணியைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளையாகவே இருந்தது. மறுபடியும், இந்த முறை நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தி, செங்காவிக் கோட்டின் மேலேயே தேய்த்தேன். பச்சையும் வரவில்லை, காவியும் வரவில்லை. பசை, பால், முட்டை, அக்ரிலிக் என்று எதுவும் சேர்க்காமல் வெறும் தண்ணீரில் குழைத்த மண் நிறங்கள் சுவரோடு சுவராகிவிட்டன. ஆடிக் கடைசியில் தொடங்கிய வேலை இது. நடுவில் நான்கு ஓடுகளும் ஒரு முழுச் சுவர்ப்பூச்சும் வீணாயின. மறப்பதற்குள் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன்.

இருபது ஆண்டுகளாகப் புத்தகங்களுக்கு நீர்வண்ணத்தில் படம் வரைகிறேன். ஊர் புதுக்கோட்டை. இங்கிருந்து சித்தன்னவாசல் பதினாறு கிலோமீட்டர்தான். பள்ளிச் சுற்றுலாவில் முதலில் போனபோது குகைக்குள் இருட்டாக இருந்தது என்பதைத் தவிர வேறு எதுவும் நினைவில்லை. பிறகு தனியாகப் பலமுறை போயிருக்கிறேன். அங்குள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயிலின் அர்த்தமண்டபத்துக்குள் நுழைந்து, முதல் பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் நின்றுகொண்டிருக்க வேண்டும். கண் பழகியதும் விதானத்தில் தீட்டியிருக்கும் தாமரைக் குளம் மெல்ல மேலெழுந்து வரும். இலைகள், அவற்றுக்கிடையே மீன்கள், பறவைகள், யானைகள், எருமைகள், தாமரை பறிக்கும் மூன்று ஆட்கள். அந்த உடல்கள் செம்மண் நிறத்திலும் பொன்மஞ்சளிலும் இருக்கின்றன. கி.பி. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்தக் கோயிலைப் புதுப்பித்ததாக அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. வரைந்தவர்களின் பெயர் எதுவும் இல்லை.

எத்தனை முறை போனாலும் என் கண் போய் நிற்பது இலையின் விளிம்பில்தான். ஒரே இழுப்பில் போட்ட கோடு. அலை அலையாக மடங்கி, ஓரிடத்தில் தடித்து, மறு இடத்தில் மெலிந்து போகும். தயக்கமே இல்லாத கோடு. வீட்டுக்கு வந்து காகிதத்தில் அதை எத்தனையோ முறை பிரதி எடுத்தேன். ஒவ்வொரு முறையும் அழகான, செத்த இலை ஒன்றுதான் கிடைத்தது. காகிதத்தை மாற்றினேன், தூரிகையை மாற்றினேன், நிறத்தை மாற்றினேன். அந்த ஓவியர் எதன் மேல் வரைந்தாரோ அதன் மேல் வரைந்து பார்க்காமல் இது விளங்காது என்று கடைசியாகத்தான் தோன்றியது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சித்தன்னவாசல் ஓவியங்களைப் பூச்சு உலர்ந்த பின் வரைந்தவை என்றே பெரும்பாலும் வகைப்படுத்துகிறார்கள். ஈரச் சுண்ணாம்பின் மேலேயே வரைந்தவை என்று, சென்னை அருங்காட்சியகத்தில் வேதியியலாளராக இருந்த பரமசிவன் ஆராய்ந்து சொன்னது தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களைத்தான். நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் அவை மறைந்திருந்ததை 1931இல் வரலாற்று ஆய்வாளர் கோவிந்தசாமி கண்டறிந்தார். ஆக, நான் எடுத்துக்கொண்டது சித்தன்னவாசல் குளத்தையும் தஞ்சாவூர்ச் சுவரின் முறையையும். ஈர முறையைத் தேர்ந்ததற்குக் காரணம் எளியது. பூச்சு இறுகும்போது நிறமும் அதோடு சேர்ந்து கல்லாகிவிடும், அதில் திருத்த முடியாது. என் கோட்டுக்கு என்ன நோய் என்று அதுதான் சொல்லும் என்று நினைத்தேன்.

முதலில் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பு 15 கிலோ, கிலோ 32 ரூபாய் என்று 480 ரூபாய்க்கு வாங்கினேன். நீற்றுவதற்கு சிமெண்டுத் தொட்டி. தொட்டியில் முக்கால் பங்கு தண்ணீரை நிரப்பிக்கொண்டு சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணாடி, ரப்பர் கையுறை இரண்டும் இல்லாமல் பக்கத்தில் போகவே கூடாது. இரண்டு மணி நேரம் குமுறி அடங்கியது. துணியில் வடிகட்டி, மேலே நான்கு விரற்கடை தண்ணீர் நிற்கும்படி விட்டு மூடிவைத்தேன்.

பொறுமை இல்லாமல் ஐந்தாம் நாளே கொஞ்சம் எடுத்து, சுவருக்கு முன் சோதித்துப் பார்க்க முதல் ஓட்டில் பூசினேன். மொட்டை மாடியில் பதிக்கும் ஒன்பது அங்குலத் தட்டை ஓடு, ஒன்று 35 ரூபாய், ஆறு வாங்கியிருந்தேன். பூச்சு வழவழப்பாக வந்தது. நான்காம் நாள் பார்த்தால் பரப்பெங்கும் சிறு சிறு குழிகள். உள்ளே நீறாமல் இருந்த மணிகள் பிறகு ஈரத்தை இழுத்து உப்பி, மேற்பரப்பைப் பொரி போலத் தெறிக்கவைத்திருந்தன. சுண்ணாம்பைத் திரும்ப மூடிவைத்து, 40 நாள் தொட்டியைத் தொடவில்லை.

அந்த 40 நாளும் விடிகாலையில் ஊருக்கு வெளியே இருக்கும் ஓர் ஊருணிக்குப் போய் உட்கார்ந்தேன். வரைவதற்காகத்தான் போனேன். ஆனால் முதல் வாரம் வெறுமனே பார்த்தேன். தாமரை இளம் இலை நீருக்குள்ளிருந்து வரும்போது இரண்டு பக்கமும் உள்நோக்கிச் சுருண்டு, இரட்டைச் சுருளாக இருக்கும். விரிய விரிய நடுவில் ஒரு தோணி போல் ஆகும். முற்றிய இலையில் விளிம்பு மேலே மடங்கும் இடத்தில் அடிப்பக்கத்தின் வெளிர்நிறம் தெரியும். சித்தன்னவாசலில் கோடு தடிக்கும் இடமும் மெலியும் இடமும் இந்த மடிப்புகள்தான் என்று அங்கே உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. அழகுக்காகத் தடித்து மெலிகிறது என்று நான் காகிதத்தில் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இலை எங்கே திரும்புகிறது என்று தெரிந்த கை போட்ட கோடு அது. நோட்டில் நாளுக்கு மூன்று இலை என்று வரைந்தேன். பூ வேண்டாம், இலை மட்டும்.

ஊறல் முடியும் நேரத்தில் கொத்தனார் ஒருவரைக் கண்டுபிடித்தேன். காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு வேலை செய்து தேர்ந்தவர், எழுபது வயதைத் தாண்டியவர். தொட்டியில் கையை விட்டு ஒரு உருண்டை எடுத்து, கட்டைவிரலால் நசுக்கி, “வெண்ணெய் மாதிரி இருக்கிறது தாயி, இனி பூசலாம்” என்றார். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த நீரைச் சாந்தில் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னார். சாந்து இறுகவும் வெடிக்காமல் இருக்கவும் அது உதவும்.

அரைக் கிலோ கடுக்காயைக் கொட்டை நீக்கி இடித்து, அரைக் கிலோ கருப்பட்டியோடு பத்து நாள் ஊறவைத்தேன். வைத்த பாத்திரம் பழைய இரும்பு வாளி. பத்தாம் நாள் திறந்தபோது நீர் மை போலக் கறுத்திருந்தது. புளித்தால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துச் சாந்தில் கலந்து இரண்டாம் ஓட்டில் பூசினேன். காய்ந்ததும் பூச்சு முழுக்க நீலக்கறுப்புத் திட்டுகள், யாரோ பேனாவை உதறியது போல. பெரியவர் வந்து பார்த்ததும் முதலில் கேட்டது, “எதில் ஊறவைத்தாய்?” என்றுதான். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மைதான் வரும். அந்தக் காலத்தில் மை கூட்டியதே அப்படித்தானே என்று அவர் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நிறங்களோடு வாழ்கிறவள் நான். அடுத்த ஊறல் மண்பானையில். அதையும் அடிப்பூச்சுக்கு மட்டும் பயன்படுத்தினேன். சுத்தமான கடுக்காய் நீர்கூடச் சுண்ணாம்பைச் சற்றுப் பழுப்பாக்குகிறது. வரையப்போகும் மேற்பூச்சு வெள்ளையாக இருக்க வேண்டுமென்றால் அதில் சுண்ணாம்பும் மணலும் தவிர வேறெதுவும் போகக் கூடாது.

மூன்றாம் ஓடு வற்றிய கண்மாய்த் தரை போல வெடித்தது. ஓட்டை நனைக்காமல் பூசியதும், சுண்ணாம்பைக் கூடுதலாகச் சேர்த்ததும் காரணம். “தண்ணீர் குடிக்காத ஓடு சாந்தின் தண்ணீரைக் குடித்துவிடும்” என்றார் பெரியவர். அதன் பிறகு ஓட்டை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டுவைத்தேன். அளவும் நிலைபெற்றது: அடிப்பூச்சுக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் இரண்டரைப் பங்கு, கனம் 8 மில்லிமீட்டர். மேற்பூச்சுக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, மாவுச் சல்லடையில் சலித்த நுண்மணல் ஒரு பங்கு, கனம் 2 மில்லிமீட்டர். மணலை நான்கைந்து முறை கழுவ வேண்டும். கழுவிய நீர் தெளிவாக வரும் வரை விடக் கூடாது.

இதற்கிடையில் நிறங்கள். சுண்ணாம்பு எல்லா நிறத்தையும் விட்டுவைக்காது. மஞ்சள்தூளில் சுண்ணாம்பு பட்டால் ஆரத்தி ஆகிவிடுவது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். அது போலப் பல நிறங்கள் மாறும், அல்லது வெளுக்கும். அதனால் ஒவ்வொரு நிறத்தையும் சுண்ணாம்புத் தெளிநீரில் கலந்து சிறு சிறு புட்டிகளில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். துணிக்குப் போடும் சொட்டு நீலம் மூன்றே நாளில் வெளிறியது. மண் நிறங்கள் அசையவில்லை. கடைசியில் நான்குதான் மிஞ்சின. செங்காவி, மஞ்சள் காவி, கரி, பச்சை மண். வெள்ளைக்குச் சுண்ணாம்பே போதும்.

செங்காவியை நான் வாங்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டியபோது வந்த செம்பாறாங்கல் துண்டுகளை இடித்து, நீரில் கரைத்து, கனமான மணல் அடியில் தங்கியதும் மேலே நிற்கும் செந்நீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றினேன். அதையும் தெளியவைத்து, அடியில் படிந்த சேற்றைத் துணியில் வடித்து வெயிலில் காயவைத்தேன். மூன்று முறை இப்படி. ஒரு சட்டிக் கல்லுக்கு ஒரு கைப்பிடிக் காவி கிடைத்தது. கடைக் காவியைவிடச் சற்றுப் பழுப்பு, சற்று மந்தம். ஆனால் அது எங்கள் மண்ணின் நிறம், மாற்ற மனம் வரவில்லை. விளக்குக் கரி நீரில் கலக்காமல் மிதந்தது. மருந்துக்கடை ஸ்பிரிட் இரண்டு சொட்டு விட்டதும் அடங்கியது என்றாலும், சிரட்டைக் கரியை அரைத்ததே எனக்கு நன்றாக அமைந்தது. பச்சை மண் மட்டும் வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது, 100 கிராம் 650 ரூபாய். எல்லாவற்றையும் சித்த மருந்து அரைக்கும் கல்வத்தில் தண்ணீர் விட்டு அரைத்தேன். நிறத்துக்கு இரண்டு மணி நேரம். இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்தால் நறநறப்பு இல்லாமல் இருக்க வேண்டும். மீதமான காவியைப் பிசிறாக அரைத்து வரைந்தபோது கோட்டின் ஓரத்தில் புள்ளி புள்ளியாகச் சிதறியது.

நான்காம் ஓடு எல்லா வகையிலும் சரியாக வந்தது. வெடிப்பில்லை, குழியில்லை, கறையில்லை. மாலையில் பூசி முடித்தேன். அவ்வளவு அழகான வெள்ளையைப் பார்த்ததும், காலை வெளிச்சத்தில் வரையலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் ஏழு மணிக்குத் தொடங்கி நிதானமாக ஓர் இலையும் ஒரு மொட்டும் வரைந்தேன். கோடுகூட ஓரளவு உயிரோடு வந்தது. ஐந்து நாள் கழித்து விரலால் தொட்டபோது பச்சை நிறம் மாவாக விரலில் ஒட்டியது. ஊதினேன், பறந்தது.

இது எனக்குப் பிடிபடவே இல்லை. தொட்டால் குளிர்ச்சியாகத்தானே இருந்தது, ஈரம் இருந்ததே என்று குழம்பினேன். அடுத்த நாள் அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது காற்று பலமாக அடித்தது. பக்கத்து வீட்டுக் கோலம் கலைந்து ஓடியது, எங்கள் வாசல் கோலம் நின்றது. அவர்கள் வாசல் தெளித்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டு, காய்ந்த பிறகு வந்து போட்டிருக்கிறார்கள். “காய்ந்த வாசலில் மாவைப் போட்டால் காற்றோடு போகாமல் என்ன செய்யும்? தெளித்த கையோடு போட வேண்டும்” என்றாள் அம்மா, எனக்குத் தெரியாதா என்பது போல.

எனக்குத் தெரியும். ஏழு வயதிலிருந்து தெரியும். சாணம் தெளித்த தரையில், ஈரம் கருத்துத் தெரியும்போதே புள்ளி வைக்க வேண்டும். இழையைத் தொடங்கினால் கை நிற்கக் கூடாது. தப்பினால் அழிக்கவும் கூடாது, அழித்தால் அழுக்காகும். அந்தத் தப்பையே ஓர் இதழாக மாற்றிக் கொண்டுபோக வேண்டும். இருபது வருடம் காகிதத்தில் பென்சிலும் ரப்பருமாக வேலை செய்து இந்தக் கையை நான் மறந்துபோயிருந்தேன். கோலமாவு தரையில் ஒட்டுவதும் சுண்ணாம்பில் நிறம் கல்லாவதும் ஒன்றல்ல. ஆனாலும் நேரத்தைப் பற்றி இரண்டும் கையிடம் கேட்பது ஒன்றுதான்.

அன்றிலிருந்து நோட்டில் வரைவதை நிறுத்தினேன். பின்கட்டுச் சிமெண்டுத் தரையைக் கழுவி, ஈரத்தில் காவி நீரைத் தொட்டு இலை விளிம்பை வரையத் தொடங்கினேன். ஓர் இலை, ஒரே இழுப்பு. காய்ந்ததும் கழுவிவிட்டு மறுபடியும். நாளுக்கு முப்பது இலை. உட்கார்ந்து வரைந்தால் மணிக்கட்டு மட்டும் அசைகிறது, குனிந்து நின்று வரைந்தால் தோளிலிருந்து கோடு வருகிறது. இரண்டாம் வாரத்தில் மடிப்பு வரும் இடத்தில் கை தானாகவே அழுந்தத் தொடங்கியது.

ஐந்தாம் ஓட்டைக் காலை ஐந்தரைக்குப் பூசினேன். ஏழே காலுக்கு விரலால் மெல்லத் தொட்டேன். பதியவில்லை, ஆனால் விரல் நுனியில் ஈரம் மினுங்கியது. அதுதான் நேரம். முதல் இழுப்பு வைக்கும்போது தூரிகை பரப்பில் வழுக்கிக்கொண்டு போனது போலிருந்தது. நிறம் நீர்போலத் தெரிந்தது, ஒரு நிமிடத்தில் மங்கி உள்ளே இறங்கியது. பத்து மணி வரை பூச்சு நிறத்தை வாங்கிக்கொண்டே இருந்தது. பதினொன்றரை வாக்கில் திடீரென்று தூரிகையிலிருந்து நீரை வெடுக்கென்று இழுக்கத் தொடங்கியது. கோடு பாதியில் வறண்டது. அந்த இழுப்பை உணர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதன் பிறகு வைத்த இரண்டு கோடுகள் பின்னால் மாவாகவே உதிர்ந்தன, அதற்கு முன் வைத்தவை எல்லாம் நின்றன. ஆக, கார்த்திகைக் குளிரில் எனக்குக் கிடைத்தது நான்கு மணி நேரம். பங்குனி வெயிலில் அதில் பாதிகூடக் கிடைக்காது.

தூரிகை பற்றி ஒரு குறிப்பு. பன்றிமயிர்த் தூரிகை பரப்பைச் சுரண்டி, நிறத்தோடு சுண்ணாம்பையும் குழப்பிவிடுகிறது. நீண்ட முடியுள்ள மென்மையான அணில்மயிர்த் தூரிகை இரண்டு, 540 ரூபாய். வேலை முடிந்ததும் வினிகர் கலந்த நீரில் கழுவாவிட்டால் சுண்ணாம்பு முடியைத் தின்றுவிடும். ஒன்று அப்படியே போய்விட்டது.

சுவருக்கு வந்தேன். பின்கட்டில் 3 அடிக்கு 2 அடி இடத்தில் சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல்லை வெளியே கொண்டுவந்து, மூன்று நாள் விடாமல் தண்ணீர் அடித்தோம். அடிப்பூச்சு போட்டு இரண்டு வாரம் விட்டாயிற்று. மார்கழி முதல் வாரம், விடிகாலையில் பெரியவர் மேற்பூச்சைப் போட்டார். தேய்ப்புக் கட்டையால் தேய்த்து, கரண்டியால் இழைத்து, பிறகு மடியிலிருந்து ஒரு வழுவழுப்பான கூழாங்கல்லை எடுத்து மெருகேற்ற ஆரம்பித்தார். அவர் தொழிலின் பெருமை அந்த மெருகில்தான் இருக்கிறது. செட்டிநாட்டுச் சுவரில் முகம் தெரியும் என்பார்களே, அது போலவே பளபளத்தது. நான் தடுக்கவில்லை. தடுக்கத் தெரியவில்லை என்பதே உண்மை. தூரிகையை வைத்தேன். நிறம் இறங்காமல் முத்து முத்தாக உருண்டு நின்றது, தாமரை இலைமேல் தண்ணீர் போல. அவ்வளவு இறுக மெருகேற்றிய பரப்பு வாயை மூடிக்கொண்டுவிட்டது.

அதைச் சுரண்ட வேண்டும் என்று சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. “மெருகு இல்லாத பூச்சைப் பூச்சு என்று யார் சொல்வார்கள்?” என்று கேட்டார். ஐந்தாம் ஓட்டைக் கொண்டுவந்து காட்டினேன். நெடுநேரம் தடவிப் பார்த்தார். “இது மண் தொட்டி போலச் சொரசொரப்பாக இருக்கிறது, ஆனால் நிறம் உள்ளே போயிருக்கிறது” என்றார். பிறகு அவரே கரண்டியை எடுத்து 2 மில்லிமீட்டரையும் வழித்து எடுத்தார். மறுநாள் கட்டையால் தேய்த்ததோடு நிறுத்திக்கொண்டு, கூழாங்கல்லைத் திரும்ப மடியில் முடிந்துகொண்டார். அந்த ஒரு நாள் கூலியை வாங்க மாட்டேன் என்றார், நான் கொடுத்தேன்.

நான்கு மணி நேரத்தில் ஆறு சதுர அடி வரைய முடியாது. எனவே மூன்று நாளுக்கு மூன்று பங்கு. அன்றன்றைக்கு வரையும் இடத்துக்கு மட்டும் மேற்பூச்சு, மிச்சம் வெட்டி எடுக்கப்படும். வெட்டுக்கோடு நேராகப் போனால் படத்தின் நடுவே தையல் போலத் தெரியும். ஆகவே இலை விளிம்பை ஒட்டியே வெட்டினோம். முழு அளவு வரைபடத்தைச் செய்தித்தாளில் வரைந்து, ஊசியால் துளையிட்டு, துணிப் பொட்டலத்தில் கட்டிய கரித்தூளைத் தட்டி முதல் நாள் சுவருக்கு மாற்றினேன். புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுக் கோடு போட்டபோது பழைய காகித இலையே திரும்பி வந்தது. கண் புள்ளியைத் தேடுகிறது, கை காத்திருக்கிறது. இரண்டாம் இலைக்கு மேல் அந்தத் தாளை எடுத்துச் சுருட்டி வைத்துவிட்டேன். இலைகளின் நடுப்புள்ளிகளை மட்டும் காவியில் வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தரையில் பழகியபடியே நின்று வரைந்தேன். முதல் நாள் ஏழு இலைகள். அவற்றில் நான்காவது இலையைப் பார்க்கும்போது இன்னமும் நெஞ்சு நிறைகிறது. வலது ஓரத்தில் மடங்கும் இடத்தில் கோடு தானே தடித்து, கீழே இறங்கும்போது முடிபோல மெலிந்து, தொடங்கிய இடத்தில் சேராமல் ஒரு நெல்மணி அளவு இடைவெளி விட்டு நிற்கிறது. அந்த இடைவெளியை நான் திட்டமிடவில்லை.

இரண்டாம் நாள் ஒரு பூ, இரண்டு மொட்டு, மீன்கள். பூவின் இதழ்களுக்குச் செங்காவியை மிகவும் நீர்க்கவிட்டு, நுனியில் மட்டும் அடர்த்தியாக. மீனுக்கு வெறும் கோடு.

மூன்றாம் நாள் தவறு செய்தேன். பச்சை தீர்ந்துபோய், அன்று காலை புதிதாக அரைத்துக் கலந்தேன். ஈரத்தில் பார்த்தபோது பழையதும் புதியதும் ஒன்றாகவே தெரிந்தன. காய்ந்ததும் மூன்றாம் பங்கின் இலைகள் ஒரு நூல் வெளுத்து நிற்கின்றன. காலை வெளிச்சத்தில் தெரியாது, மாலை நாலு மணிக்கு மேல் சாய்வெளிச்சம் விழுந்தால் தெரியும். சாக்பீசில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்திருந்தால் போதும். அது நீரை உடனே உறிஞ்சிவிடுவதால் காய்ந்த நிறம் அப்போதே தெரிந்துவிடும். இதை முதல் இரண்டு நாளும் செய்தேன், மூன்றாம் நாள் அவசரத்தில் விட்டுவிட்டேன். அடுத்த முறை எல்லா நாளுக்கும் தேவையான நிறத்தை ஒரே தடவையாக அரைத்து, புட்டியில் தண்ணீருக்கடியில் வைத்துக்கொள்வேன்.

எருமையையும் அன்றுதான் வரைவதாக இருந்தேன். தலையும் ஒரு கொம்பும் போட்டதும் சுவர் இழுக்கத் தொடங்கிவிட்டது. தரையில் இலையை ஆயிரம் முறை பழகியிருந்தேன், எருமையை ஒருமுறைகூடப் பழகவில்லை. கோடு அதைச் சொல்லிவிட்டது. அந்த இடத்தை மட்டும் அன்றே வழித்து எடுத்தேன். இப்போது அங்கே கைப்பிடி அகலத்துக்கு அடிப்பூச்சு பழுப்பாகத் தெரிகிறது.

சுவர் எவ்வளவு தூரம் இறுகியிருக்கிறது என்று பார்க்க அதை உடைக்க முடியாதே. வெடித்துப்போன மூன்றாம் ஓட்டை உடைத்து, உடைந்த முகத்தில் மஞ்சள்தூளைக் குழைத்துத் தடவினேன். வெளிவிளிம்பில் மஞ்சள் மங்கலான மஞ்சளாகவே நின்றது, உள்ளே போகப் போக ஆரத்திச் சிவப்பாக மாறியது. வெளியே கல்லாகிவிட்டது, உள்ளே இன்னும் சுண்ணாம்புதான். சுவரின் ஆழமும் அப்படித்தான் இருக்கும், மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே போகும்.

செலவு: சுண்ணாம்பு 480, ஓடுகள் 210, கடுக்காய் 120, கருப்பட்டி 200, மணல் 100, பச்சை மண் 650, மஞ்சள் காவி 60, தூரிகைகள் 540, கூலி மூன்று நாளுக்கு 3,300. மொத்தம் 5,660 ரூபாய். பெரியவர் அதற்கு மேலும் பல காலைகள் வந்து, திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தக் காலைகளுக்குக் கணக்கில்லை.

போன வாரம் மறுபடி சித்தன்னவாசல் போயிருந்தேன். இந்த முறை பார்த்தது இலைகளை அல்ல, எருமைகளை. எந்த இடத்தில் கோடு தொடங்கியிருக்கும், முதுகிலா கொம்பிலா என்று கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து நின்றேன். முதுகில்தான் என்று நினைக்கிறேன். தொட்டியில் மிச்சச் சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் இருக்கிறது. ஊருணிக் கரைக்கு மாலையில் மாடுகள் வருகின்றன. தரையைக் கழுவி, முதுகுக் கோட்டை இன்று பதினாறு முறை வரைந்தேன்.